நோயே இல்லாத நான் எதற்காகப் பிரீமியம் கட்ட வேண்டும்?

வாசகர் ஒருவரின் கேள்வி: ஜனவரி 4, 2025

வயது 27. அப்பாவின் பாலிசியில் 26 வயது வரைதான் இருக்க முடிந்தது. அதன் பிறகு மருத்துவரிடம் ஒருமுறைகூடப் போகவில்லை. நான் கட்டப்போகும் பணம் யாரோ ஒருவரின் இதய அறுவைச் சிகிச்சைக்குத்தான் போகும். இதற்குக் காப்பீடு என்று பெயர் வைப்பதைவிட வரி என்றே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கட்டாயக் காப்பீடு மறுபடியும் வர வேண்டும் என்று வாதாடுபவர்கள் என் பணத்தைத் தங்கள் பணம் என்று நினைக்கிறார்கள். காப்பீடு வாங்காதவருக்கு இப்போது அபராதமும் இல்லை. தேவைப்படும்போது வாங்கிக்கொண்டால் போதாதா?

ஜனவரி 4, இரவு

தம்பி, கடைசி வாக்கியத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அவசரம் இருக்கிறது. தேவைப்படும்போது வாங்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் இந்த ஆண்டுச் சேர்க்கை ஜனவரி 15-உடன் முடிகிறது. அதன் பிறகு திருமணம், குழந்தை பிறப்பு, வேலை போய்க் காப்பீடும் போவது போன்ற காரணங்கள் இருந்தால்தான் கதவு திறக்கும். நோய் வந்துவிட்டது என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல. வேண்டுமென்றேதான் அதை விட்டிருக்கிறார்கள்.

மற்றவற்றுக்கு நாளை வருகிறேன்.

ஜனவரி 5

காப்பீட்டைச் சேமிப்பு என்று நினைப்பதால்தான் "என் பணம் இன்னொருவருக்குப் போகிறது" என்ற எரிச்சல் வருகிறது. சேமிப்பாக இருந்தால் அந்த எரிச்சல் நியாயம். ஆனால் இங்கே நீங்கள் வாங்குவது வேறு பொருள்.

ஒரு கணக்கு. ஒருவருக்கு ஓர் ஆண்டில் 1,00,000 டாலர் செலவு வைக்கும் நோய் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் ஆண்டுக்கு 1,000 டாலர். அந்த ஆயிரத்தை வங்கியில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? நோய் வராவிட்டால் மீதி. வந்தால் 99,000 டாலர் கடன். ஆயிரம் டாலர் செலவை எந்த மனிதரும் அனுபவிப்பதில்லை. ஒன்று பூஜ்யம், அல்லது ஒரு லட்சம்.

இப்போது நூறு பேர் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் போடுகிறார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் போதாது. நூறு பேரில் ஒருவருக்குக்கூட நோய் வராத வாய்ப்பு 37 சதவீதம். இரண்டோ அதற்கு மேலோ வந்து நிதி திவாலாகும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஓர் ஆண்டு பொய்த்துப்போகும் நிதியை யார் நம்புவார்கள்?

பத்தாயிரம் பேர் சேர்ந்தால் கதையே மாறிவிடுகிறது. நூறு பேருக்கு நோய் வரும் என்று எதிர்பார்க்கலாம். உண்மையில் வருவது பெரும்பாலும் 80-க்கும் 120-க்கும் நடுவில் நிற்கும். அதாவது ஆளுக்கு 800 முதல் 1,200 டாலர் வரை. யாருக்கு நோய் வரும் என்பது அப்போதும் யாருக்கும் தெரியாது. எத்தனை பேருக்கு வரும் என்பது மட்டும் ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. தொகுப்பு என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் வாங்குவது அந்த ஒரு லட்சம் உங்கள் தலையில் மட்டும் விழாது என்ற உறுதியை. நோய் வராத ஆண்டிலும் அந்த உறுதி ஆண்டு முழுவதும் உங்களிடம் இருந்தது.

ஜனவரி 5, இரவு

"வரி என்றே சொல்லிவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய 2012 ஜூன் 28 தீர்ப்பில், காப்பீடு வாங்கும்படி மக்களைக் கட்டாயப்படுத்த வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உதவாது, ஆனால் வாங்காதவரிடம் வசூலிப்பதை வரியாகக் கருதினால் அது செல்லும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். ஐந்துக்கு நான்கு. வழக்கு விசாரணையில் நீதிபதி ஸ்காலியா, இப்படியே போனால் பிராக்கோலி வாங்கச் சொல்லியும் சட்டம் போடலாமா என்று கேட்டது நாடு முழுவதும் பேச்சானது.

அந்தக் கேள்வியைப் பலர் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். நான் தள்ள மாட்டேன். ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை வாங்கு என்று அரசு சொல்வது சின்ன விஷயமல்ல. ஆனால் பிராக்கோலி வாங்காதவர் பசித்து வந்தால் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மருத்துவமனைக்கு இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைப்படுத்த வேண்டும். அந்தச் செலவை யாரோ சுமக்கிறார்கள். நீங்கள் காப்பீட்டுக்கு வெளியே நின்றாலும் தொகுப்புக்கு முழுவதுமாக வெளியே போய்விட முடியாது.

ஜனவரி 7

"நல்ல உடம்புக்காரர்கள் போனால் போகட்டும், நோயாளிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பகிர்ந்துகொள்ள என்ன மிஞ்சும் என்று பார்ப்போம்.

ஐந்து பேர். அவரவர் உடல்நிலைப்படி எதிர்பார்க்கக்கூடிய ஆண்டுச் செலவு 1,000, 2,000, 3,000, 4,000, 10,000 டாலர். எல்லாருக்கும் ஒரே பிரீமியம் என்றால் 4,000. முதல் மூவருக்கும் அது நட்டம், வெளியேறுகிறார்கள். மீதி இருவருக்குச் சராசரி 7,000. நாலாமவரும் போய்விடுகிறார். கடைசியில் பத்தாயிரம் செலவுள்ளவர் பத்தாயிரம் பிரீமியத்தோடு தனியாக நிற்கிறார். அதற்குப் பிறகு அதன் பெயர் காப்பீடு அல்ல, மருத்துவமனைக் கட்டண ரசீது.

இதைத்தான் மரணச் சுழல் என்கிறார்கள். நடுவில் யாரும் தீயவர் இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம். ஒவ்வொருவரும் தன் கணக்கைச் சரியாகப் போட்டார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் செலவு எப்படிக் குவிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆண்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி, மக்களில் 5 சதவீதத்தினருக்கே ஆகிறது. செலவு குறைந்த பாதி மக்களுக்கு ஆவது 3 சதவீதம் மாதிரி. அந்த 5 சதவீதத்தில் ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள். எல்லாரும் மாறுவதில்லை.

ஜனவரி 8

நேற்றுப் போட்ட கணக்கில் பிழை. ஒரு வாசகி சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. மனிதர்கள் எதிர்பார்ப்புச் செலவைத் தாண்டி ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது தவறு. பயம் இருக்கிறது, பயத்துக்கு மதிப்பும் இருக்கிறது. அதனால்தான் காப்பீடு என்ற தொழிலே நடக்கிறது.

ஒவ்வொருவரும் தன் செலவைப் போல ஒன்றரை மடங்கு வரை கட்டத் தயார் என்று வைத்து மறுபடி போட்டேன். பிரீமியம் 4,000. முதலாமவர் 1,500 வரைதான் தருவார், இரண்டாமவர் 3,000 வரை. இருவரும் போகிறார்கள். மூன்றாமவர் 4,500 வரை தருவார், அதனால் இருக்கிறார். மூவருக்குச் சராசரி 5,667. இப்போது அவரும் போகிறார். நாலாமவர் 6,000 வரை தாங்குவார், ஒரு சுற்று தங்குகிறார். அடுத்த பிரீமியம் 7,000, அவரும் போகிறார். முடிவு அதேதான், ஒரு சுற்றுத் தாமதமாக வந்தது. ஆனால் பத்தாயிரத்துக்குப் பதில் ஐந்தாமவரின் செலவு 5,000 என்று போட்டால் பிரீமியம் 3,000-இல் தொடங்குகிறது, முதலாமவர் போகிறார், பிரீமியம் 3,500 ஆனதும் இரண்டாமவரும் போகிறார், மீதி மூவரும் 4,000-இல் தங்கிவிடுகிறார்கள். சுழல் தவிர்க்க முடியாத விதி என்று நான் எழுதியது மிகை. ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

ஜனவரி 11

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2008-இல் பதினொரு பேர் வேலை செய்த ஒரு சிறு நிறுவனத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊழியர் காப்பீட்டைப் புதுப்பிக்கும் வேலையும் என்னுடையதுதான். நவம்பரில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டுப் பிரீமியம் 31 சதவீதம் அதிகம். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. எங்களில் ஒருவருக்கு அந்த வசந்தத்தில் ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வாரம் இருந்தது.

1996 சட்டப்படி சிறு குழுவுக்குப் பாலிசி மறுக்கக் கூடாது. குழுவில் ஒருவரிடம் மட்டும் நோயைக் காட்டிக் கூடுதலாக வசூலிக்கவும் கூடாது. ஆனால் குழு முழுவதற்கும் விலையை ஏற்றுவதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. மாநிலங்கள் போட்டிருந்த வரம்புக்குள் ஏற்றலாம்.

கடிதத்தை மேசை மேல் விரித்து ஆளுக்கு எவ்வளவு கூடும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையின் தகப்பன் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். எண்களைப் பார்த்தார். "என் பையனாலா சார்?" என்றார். "இல்லை, எல்லா இடத்திலும் ஏறுகிறது" என்றேன். எல்லா இடத்திலும் ஏறியது உண்மைதான். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கோப்பையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மாலை வரை அது அங்கேயே இருந்தது.

புதிய தொகையைச் சொன்னதும் இரண்டு இளைஞர்கள் காப்பீடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மீதி ஒன்பது பேர். தகுதியுள்ள ஊழியர்களில் 75 சதவீதம் பேராவது சேர வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. பதினொன்றில் அது ஒன்பது. இன்னும் ஒருவர் போனால் யாருக்குமே காப்பீடு இல்லை, அந்தக் குழந்தைக்கும் இல்லை.

மூன்றாவதாக ஒருவர் கையில் அதே படிவத்தோடு வந்தார். எங்களில் சம்பளம் குறைந்தவர் அவர். அவரைக் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொன்னேன், அவருக்குப் புரிந்தது. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "சரி, இருக்கிறேன்" என்றார். அவர் பங்கு மாதம் 140 டாலர்.

பிற்பாடு அவருக்குப் பெரிய நோய் வந்தது, காப்பீடு காப்பாற்றியது என்று நான் முடிக்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு ஒன்றுமே வரவில்லை. பல் வலிக்குப் போனார், பல் அந்தப் பாலிசியில் இல்லை. மூன்று ஆண்டு கட்டினார், வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார்.

ஜனவரி 12

நேற்று எழுதிய பிறகு எனக்கே உறைத்த ஒன்று. ஒபாமா சட்டம் வருவதற்கு முன்பு, எந்த அரசும் கட்டாயப்படுத்தாத காலத்தில், லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனம் "நூற்றுக்கு 75 பேர் சேராவிட்டால் விற்க மாட்டேன்" என்றது. கட்டாயம் என்ற யோசனை அரசியல்வாதிகள் கண்டுபிடித்ததல்ல. தொகுப்பை நடத்துகிற எவரும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வரலாறும் அப்படித்தான். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது அது கட்டாயம்தான். மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். அமெரிக்காவில் தனிநபர் கட்டாயத்தை 1989-இல் முன்வைத்தது வலதுசாரி ஆய்வமைப்பான ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன். 2006-இல் மாசசூசெட்ஸில் அதற்குக் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. 2008 அதிபர் வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளிண்டன் கட்டாயம் வேண்டும் என்றபோது வேண்டாம் என்றவர் ஒபாமா. இவர்கள் இடம் மாறி மாறி நின்றதைப் பார்த்தால், இது கட்சிக் கொள்கை என்று சொல்லி வாதத்தை முடித்துவிட முடியாது.

ஜனவரி 13

வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1993-இல், நோய் இருந்தாலும் மறுக்கக் கூடாது, எல்லாரும் சேர வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். 1995-இல் இரண்டாவதை நீக்கிவிட்டு முதலாவதை வைத்துக்கொண்டார்கள். நோய் வந்த பிறகு வாங்குவது வழக்கமானது. 1999-இல் மாநிலத்தின் பெரும்பகுதியில் தனிநபர் புதிதாகப் பாலிசி வாங்கவே வழியில்லாமல் போனது. மறுக்கக் கூடாது என்ற பகுதி எல்லாருக்கும் பிடிக்கும், கட்டு என்ற பகுதி யாருக்கும் பிடிக்காது. அங்கே பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 14

இப்போது எனக்கு எதிரான சான்று. இதை மறைத்தால் மேலே எழுதியதற்கு மரியாதை இல்லை.

2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது, 2019 முதல் நடைமுறை. அதற்கு முன் வயது வந்த ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. அபராதம் போனால் 2027-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 1.3 கோடி கூடுவார்கள், பிரீமியம் 10 சதவீதம் மாதிரி ஏறும் என்று நாடாளுமன்ற நிதிநிலை அலுவலகம் கணித்தது. வாஷிங்டன் கதை நாடு முழுவதும் நடக்கும் என்று நானும் நினைத்தேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடித்துப் பேசியிருக்கிறேன்.

நடக்கவில்லை. ஒபாமா சட்டப்படி தனிநபர்கள் பாலிசி வாங்கும் சந்தை விழவில்லை. 2024-இல் அந்தச் சந்தையில் சேர்ந்தவர்கள் இரண்டு கோடிக்கு மேல்.

ஏன் என்பதற்கு இப்போது எனக்குள்ள விளக்கம் இது. பெரும்பாலானவர்களுக்கு மானியம் இருக்கிறது, அது வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் அவர்கள் கட்டுவது வருமானத்தில் ஒரு பங்குதான், ஏற்றத்தை அரசு ஏற்கிறது. என் ஐவர் கணக்கில், பிரீமியம் 4,000-இலிருந்து 5,667 ஆனது மூன்றாமவருக்குத் தெரியவே தெரியாது, ஆகவே அவர் போக மாட்டார். சுழலைச் சுற்றவைக்கும் அச்சாணி கழன்றுவிடுகிறது. 2021-இல் மானியம் இன்னும் பெருகியது. பிரம்பு வைத்திருந்த இடத்தில் கரும்பு வைத்தார்கள், அது அதிகம் வேலை செய்தது.

ஆனால் மானியம் கிடைக்காத வருமானத்தில் இருந்தவர்கள் அந்த ஏற்றத்தை முழுவதுமாகச் சுமந்தார்கள். பெருக்கிய மானியமும் 2025 கடைசியோடு முடியும் என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தது. அபராதமும் இல்லை, மானியமும் குறைந்தால் எது பிடித்துவைத்திருக்கும்? எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஜனவரி 15, காலை

தம்பி, இன்றுதான் கடைசி நாள்.

ஜனவரி 19

சேர்ந்தீர்களா என்று கேட்க மாட்டேன். அது உங்கள் விஷயம்.

உங்கள் கேள்வியில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதை நான் இதுவரை தொடவில்லை. 64 வயதுக்காரருக்கு ஆகும் செலவு 21 வயதுக்காரருக்கு ஆவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் பிரீமியம் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அந்த வித்தியாசத்தை இளைஞர்கள் கொடுக்கிறார்கள். 64 வயதுக்காரர் பணக்காரராக இருக்கலாம், இளைஞர் கடனில் இருக்கலாம். அபராதம் இருந்த காலத்தில் அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் கீழே சம்பாதித்தவர்கள். நோயற்றவர் நோயுற்றவருக்குக் கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இல்லாதவர் இருப்பவருக்குக் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. தொகுப்பு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மானியம் ஓரளவு பிரிக்கிறது.

கட்டாயம் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2000 முதல், தனியார் மருத்துவமனைக் காப்பீட்டில் 30 வயதுக்குப் பிறகு சேருபவருக்குத் தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம் கூடுதல், உச்சம் 70 சதவீதம். பத்து ஆண்டு தொடர்ந்து கட்டினால் அந்தக் கூடுதல் நீங்கும். அமெரிக்க முதியோருக்கான மெடிகேரிலும், மருத்துவர் செலவுக்கான பகுதியில் தாமதமாகச் சேர்ந்தால் முழுதாகத் தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம், பெரும்பாலும் ஆயுள் முழுவதும். இரண்டிலும் யாரையும் வா என்று இழுப்பதில்லை. தாமதித்தால் விலை கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யலாம், ஆனால் கட்டணம் வேறு. எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.

சுவிட்சர்லாந்து நேரெதிர். 1996 முதல் எல்லாருக்கும் கட்டாயம், சேராதவரை மாகாணமே ஒரு நிறுவனத்தில் சேர்த்துவிடும், அடிப்படைக் காப்பீட்டில் லாபம் எடுக்கக் கூடாது. நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்கு மற்றவை ஈடு கொடுக்கின்றன. இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். எல்லாரும் உள்ளே வந்துவிட்டாலும், நல்ல உடம்புக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை நிறுவனங்களுக்குப் போகாது.

நோயாளிகளைத் தனித் தொகுப்பில் வைக்கலாம் என்று எழுதியவருக்கு: அமெரிக்காவில் 35 மாநிலங்கள் செய்து பார்த்தன. பிரீமியம் சாதாரண விலையைப் போல ஒன்றேகால் முதல் இரண்டு மடங்கு வரை, பல இடங்களில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. அப்படியும் நட்டம். நாடு முழுவதும் சேர்த்து இரண்டு லட்சம் பேர் மாதிரிதான் உள்ளே இருந்தார்கள். தாராளமாகப் பணம் போட்டால் நடக்கும். எந்த மாநிலமும் தாராளமாகப் போடவில்லை.

பிப்ரவரி 2

ஒரு திருத்தம். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் மூன்று ஆண்டு கட்டினார் என்று ஜனவரி 11-இல் எழுதினேன். அது நினைவிலிருந்து எழுதியது. பழைய நோட்டுகள் இரண்டு என்னிடமே இருக்கின்றன, நேற்று எடுத்துப் பார்த்தேன். 2009 ஜனவரி முதல் 2011 மே வரை. 29 மாதம், மாதம் 140, மொத்தம் 4,060 டாலர். அவர் பெயரில் கிளெய்ம் ஒன்றும் இல்லை.

குழந்தைக்கு அந்த 29 மாதத்தில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

அவருக்கு நன்றி சொல்லவில்லை என்பது நோட்டைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது தயங்கினேன். பொது நண்பர் ஒருவரிடம் அவருடைய எண்ணைக் கேட்டிருக்கிறேன்.